கோவைக் கொடி: தோட்டத்தில் இனங்காணலும் கட்டுப்படுத்தலும்

கோவை என்பது வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் ஏறுகொடியாகும். இதன் தாவரவியல் பெயர் காக்சீனியா கிராண்டிஸ். தமிழ்நாட்டின் வேலிகளிலும் தரிசு நிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தானாக முளைத்து வளரும் இது, இம்மண்ணுக்கு உரிய தாவரம். காய் சமையலுக்கும், இலை மருந்துக்கும், பழம் பறவைகளுக்கும் பயன்படுகின்றன. ஆனால் கவனிக்காமல் விட்ட தோட்டத்தில் முருங்கை, எலுமிச்சை, மல்லிகை போன்றவற்றின் மேல் போர்வை போலப் படர்ந்து அவற்றை நலியச் செய்யும்.

கோவைக் கொடியை அரிவாளால் அறுத்துவிட்டால் சில வாரங்களில் மீண்டும் தழைப்பதைக் காணலாம். அதன் உயிர்ப்பகுதி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு என்பதே இதற்குக் காரணம். எனவே, கொடியைச் சரியாக இனங்காண்பதும் வேர் இருக்கும் இடத்தை அறிவதும் அதைக் கையாள்வதற்கான முதற்படிகளாகும்.

பெயரும் வகைப்பாடும்

இலக்கியங்களில் இக்கொடி கொவ்வை என்றும் வழங்கப்படுகிறது. பழுத்த கோவைப்பழத்தின் செந்நிறத்தைப் பெண்களின் இதழுக்கு உவமையாகக் கூறுவது தமிழில் நெடுங்கால மரபு. வடமொழியில் இப்பழம் பிம்பம் எனப்படுகிறது. அங்கும் இதே உவமை உண்டு.

1767 ஆம் ஆண்டு லின்னேயசு இதற்குப் பிரையோனியா கிராண்டிஸ் என்று பெயரிட்டார். 1834 ஆம் ஆண்டு தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டும் அவருடன் பணியாற்றிய வாக்கர் ஆர்னாட்டும் காக்சீனியா என்ற பேரினத்தை உருவாக்கினர். சித்த மருத்துவ நூல்களிலும் பழைய ஆய்வுக் கட்டுரைகளிலும் காணப்படும் காக்சீனியா இண்டிகா, காக்சீனியா கார்டிஃபோலியா ஆகிய பெயர்கள் இதே கொடியைக் குறிப்பவை.

வெப்பமண்டல ஆப்பிரிக்கா முதல் தெற்கு, தென்கிழக்கு ஆசியா வரை இக்கொடி இயல்பாக வளர்கிறது.

ஆறுமுகநேரிச் சூழலில் கோவை

ஆறுமுகநேரி தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். ஒருபுறம் உப்பளங்களும், மறுபுறம் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வாழை, வெற்றிலைத் தோட்டங்களும், சற்றுத் தொலைவில் தேரி மணலும் அமைந்த பகுதி இது. அருகிலுள்ள ஆத்தூர் வட்டாரத்தில் விளையும் வெற்றிலைக்கு 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

இம்மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. மற்ற மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை. மேலே கொடி காய்ந்தாலும் கீழே கிழங்கு உயிரோடு இருப்பதால், கோவை இக்காலநிலைக்கு நன்கு பொருந்துகிறது. ஐப்பசியில் மழை விழுந்ததும் வேலியில் திடீரெனத் தளிர்கள் தோன்றுவது இதனால்தான். வீட்டுத் தோட்டத்தில் பாத்திரம் கழுவும் நீரோ குளியலறை நீரோ பாயும் இடத்தில் இக்கொடி கோடையிலும் காய்வதில்லை. பனையோலை வேலி, முள்வேலி, சீமைக்கருவேலம், சுற்றுச்சுவர் என எதையும் பற்றி ஏறக்கூடியது.

தோற்றம்

தண்டு: இளந்தண்டு பசுமையாகவும் மென்மையாகவும் இருக்கும். முதிர்ந்த அடித்தண்டு சதைப்பற்றுடன் தடித்து விறைப்பாகிறது. ஒடித்தால் நீர்போன்ற சாறு வரும். பால் வராது.

பற்றுக்கம்பி: இலைக்காம்பின் அருகிலிருந்து சுருள் சுருளான பற்றுக்கம்பி தோன்றும். இது கிளைக்காத ஒற்றைக் கம்பியாக இருக்கும். இனங்காண்பதற்கு மிக உதவும் அடையாளம் இதுவே.

இலை: ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். நீளம் பொதுவாக 5 முதல் 10 செ.மீ. இதய வடிவம் முதல் ஐந்து கோணங்கள் கொண்ட வடிவம் வரை ஒரே கொடியிலேயே வேறுபடும். மேற்பரப்பு வழவழப்பானது. காம்பு சேரும் இடத்தருகே சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் எறும்புகள் மொய்ப்பதைக் காணலாம்.

பூ: வெண்மை நிறம், ஐந்து பிளவுகள், மணி போன்ற அமைப்பு. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு கொடிகளில் பூக்கும். பூவின் அடியில் பிஞ்சு போன்ற பருத்த பகுதி இருந்தால் அது பெண்பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. மனிதரில் உள்ளதைப் போன்று பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் நிறப்புரிகள் தெளிவாக அமைந்த மிகச் சில தாவரங்களுள் கோவையும் ஒன்று என்பதால், மரபியல் ஆய்வாளர்கள் இதில் தனி ஆர்வம் காட்டி வருகின்றனர்.

காய், பழம்: காய் முட்டை வடிவம் அல்லது நீள்வட்ட வடிவம் கொண்டது. பச்சை நிறத்தில் வெண்கோடுகள் காணப்படும். பழுத்ததும் கோடுகள் மறைந்து முழுவதும் செந்நிறமாகும். மேற்பரப்பில் முள்ளோ மயிரோ இல்லை.

ஒத்த தோற்றமுடைய கொடிகள்

தென்மாவட்ட வேலிகளில் கோவையுடன் பின்னிப் படரும் கொடிகள் பல. அவற்றுள் சில உணவாகும், சில மருந்தாகும், சில நச்சுத்தன்மை கொண்டவை. கோவை என்று எண்ணி வேறொன்றைப் பறித்து உண்பது ஆபத்தானது. எனவே கீழ்க்காணும் வேறுபாடுகளை அறிந்திருப்பது அவசியம்.

ஐவிரலி: கோவையுடன் எளிதில் குழப்பிக்கொள்ளப்படும் கொடி. இலை விரித்த கைபோல ஆழமாக ஐந்தாகப் பிளந்திருக்கும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பற்றுக்கம்பி இரண்டாகக் கிளைக்கும். பூ சிறியது, மங்கிய மஞ்சள் நிறமுடையது. காய் கோலிக்குண்டு போல உருண்டையானது. பழுத்துச் சிவந்த பின்னும் வெண்கோடுகள் மறையாமல் இருப்பது இதன் முக்கிய அடையாளம். பழம் நச்சுத்தன்மை கொண்டதாகக் கருதப்படுகிறது.

பேய்ப்புடல்: பூ வெண்மையானது, ஆனால் இதழ் ஓரங்கள் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். பற்றுக்கம்பி கிளைக்கும். காய் நுனி கூர்மையானது, மிகவும் கசக்கும். உண்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும்.

முசுமுசுக்கை: தண்டும் இலையும் மயிர்கள் நிறைந்து சொரசொரப்பாக இருக்கும். பூ சிறியது, மஞ்சள் நிறமுடையது. பழம் பட்டாணி அளவே இருக்கும். இலை அடைக்கும் துவையலுக்கும் பயன்படுகிறது.

ஆற்றுத்தும்மட்டி: மணற்பாங்கான தரையில் படரும். இலை பலவாறு பிளவுபட்டிருக்கும். காய் உருண்டை வடிவினது, பழுத்தால் மஞ்சளாகும். கடும் கசப்பும் கடும் பேதித்தன்மையும் கொண்டது.

வேலிப்பருத்தி: இலை இதய வடிவினது. தண்டை ஒடித்தால் பால் வடியும். பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றி ஏறும்.

சீந்தில்: இதுவும் இதய வடிவ இலை கொண்டது. பற்றுக்கம்பி இல்லை. முதிர்ந்த தண்டில் மெல்லிய தோல் உரியும். உயரத்திலிருந்து கயிறு போன்ற வேர்கள் தொங்கும்.

குண்டுமணி: புளியிலை போன்ற கூட்டிலை. விதை சிவப்பில் கரும்புள்ளி கொண்டது. விதையில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சாகும். குழந்தைகள் விளையாடும் தோட்டத்தில் இதனை விட்டுவைக்கக் கூடாது.

வெற்றிலைக் கொடிக்கால் உள்ள பகுதிகளில் ஏறும் முறையைக் கொண்டும் வேறுபாட்டை அறியலாம். வெற்றிலை கணுவேர்களால் அகத்தியைப் பற்றிக்கொள்கிறது. கோவை பற்றுக்கம்பியால் பற்றுகிறது. வெற்றிலையைக் கிள்ளினால் எழும் காரமணம் கோவையில் இல்லை.

சுருங்கக் கூறின், பால் இல்லை, ஒற்றைப் பற்றுக்கம்பி, வழவழப்பான இலை, நூல் பிரியாத வெண்பூ, கோடு மறைந்து சிவக்கும் பழம் ஆகிய ஐந்தும் ஒருங்கே இருந்தால் அது கோவை. ஒன்று பொருந்தாவிட்டாலும் உண்பதற்குப் பறிக்காமல் இருப்பதே நல்லது.

விரைவாகப் பரவுவதற்கான காரணங்கள்

கோவை மூன்று வழிகளில் நிலைபெறுகிறது.

1. கிழங்கு: மண்ணுக்கடியில் தடித்த வேர் உணவைச் சேமித்து வைக்கிறது. மேற்பகுதியை எத்தனை முறை வெட்டினாலும், சேமிப்பு உள்ளவரை புதிய தளிர் வரும்.

2. கணு: தரையில் படியும் தண்டு, ஈரம் கிடைத்தால் கணுக்களில் வேர்விடும். வெட்டிப் போட்ட துண்டும் இவ்வாறே முளைக்கும். சாகுபடியில் தண்டுத் துண்டுகளை நட்டே கோவையைப் பயிரிடுகின்றனர் என்பது இதன் இயல்பை உணர்த்தும்.

3. பறவை: குயில், மைனா, கொண்டைக்குருவி, கிளி ஆகியவை பழத்தை விரும்பி உண்கின்றன. எச்சத்தோடு விழும் விதை முளைக்கிறது. இதனால்தான் மரத்தடியிலும், மின்கம்பியின் கீழும், சுற்றுச்சுவர் ஓரத்திலும் கோவை நாற்றுகள் மிகுதியாகத் தோன்றுகின்றன.

தோட்டச் செடிகளுக்கு ஏற்படும் பாதிப்பு

கோவை ஒட்டுண்ணி அன்று. தாங்கும் மரத்திலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை. வெயிலை மறைப்பதும் பாரம் ஏற்றுவதுமே அதனால் வரும் கேடு. இளம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வெயிலின்றி வெளிறிப் போகும். முருங்கையின் கிளை எளிதில் முறியும் தன்மையுடையது. மழையில் நனைந்த கொடியின் பாரமும் காற்றும் சேரும்போது கிளை ஒடிந்துவிடும்.

மற்றொரு பாதிப்பு பூச்சிகளால் வருவது. பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றைத் தாக்கும் பழ ஈ, கோவைக் காயிலும் முட்டையிட்டுப் பெருகும். சிவப்புப் பூசணி வண்டும் இதில் தங்கும். எனவே காய்கறிப் பந்தலுக்கு அருகில் பராமரிப்பற்ற கோவைப் புதர் இருப்பது நல்லதன்று.

அகற்றும் முறை

வேரைக் கண்டறிதல்: படர்ந்த இலைகளிடையே மிகத் தடித்த தண்டைத் தேடி, அதைப் பிடித்துக்கொண்டே கீழ்நோக்கிச் செல்ல வேண்டும். அது மண்ணில் இறங்கும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் இடலாம். தரையில் படர்ந்த தண்டுகள் வேறு இடங்களிலும் வேர்விட்டிருக்கலாம். அவை ஒவ்வொன்றும் தனிச்செடியாகக் கருதப்பட வேண்டும்.

காலம்: மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் நாட்கள் ஏற்றவை. கோடையில் செய்வதானால் முதல்நாள் மாலை அவ்விடத்தில் நீர் ஊற்றி வைக்கலாம். பெண்கொடியாக இருந்தால் பழங்களை முதலிலேயே பறித்துவிட வேண்டும்.

அறுத்தல்: முழங்கால் உயரத்தில் தண்டை அறுத்து, மேற்பகுதியை மரத்திலேயே காயவிடுவது நல்லது. பச்சையாக இழுத்தால் மரக்கிளையும் சேர்ந்து முறியும். தொங்கும் முனைகள் மண்ணைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பின் துரட்டியால் எளிதாக இழுத்துவிடலாம். அடர்ந்த புதரில் பாம்பு இருக்கக்கூடும் என்பதால், முதலில் கம்பால் தட்டிப் பார்ப்பது அவசியம். பறவைக் கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை அப்பகுதியை விட்டுவைக்கலாம்.

கிழங்கைத் தோண்டுதல்: மீதமுள்ள அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் கடப்பாரையால் மண்ணை இளக்கிக் கிழங்கை முழுதாக எடுக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இது எளிது. களிமண்ணில் பொறுமை தேவை. கிழங்கு உடைந்து அடித்தண்டை ஒட்டிய பகுதி உள்ளே தங்கினால் மீண்டும் துளிர்க்கும்.

தோண்ட முடியாத இடம்: சுவர் அடியிலும் வேறு மரத்தின் வேர்களுக்கிடையிலும் கிழங்கு இருந்தால் தோண்டுவது கடினம். அங்கு வாரம் ஒருமுறை துளிரைக் கிள்ளி வர வேண்டும். இலை விரிந்து உணவு தயாரிக்க இடமளிக்காவிட்டால் கிழங்கின் சேமிப்பு படிப்படியாகக் குறையும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். இடையில் நிறுத்தினால் முன்பு செய்த வேலை வீணாகும்.

கழிவு: வெட்டிய கொடியைப் பச்சையாகக் குப்பைக்குழியில் போடக் கூடாது. சிமெண்டுத் தரையிலோ தகரத்தின் மேலோ நொறுங்கும் வரை காயவைத்த பின் மட்கவிடலாம். இலையையும் இளந்தண்டையும் வெள்ளாடு விரும்பித் தின்னும்.

மின்கம்பியில் ஏறிய கொடி: இதைக் கையாலோ துரட்டியாலோ தொடக் கூடாது. ஈரமான கொடி மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் மின்னோட்டத்தை நிறுத்தி அகற்றும் வரை காத்திருக்க வேண்டும்.

தொடர் கண்காணிப்பு: அடுத்த இரு மழைக்காலங்களிலும் மரத்தடிகளையும் சுவர் ஓரங்களையும் பார்த்துவர வேண்டும். கிழங்கு உருவாகும் முன் நாற்றை இரு விரலால் பிடுங்கிவிடலாம்.

தவிர்க்க வேண்டியவை

உப்பு: உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் உப்பு மலிவாகக் கிடைக்கும். அதை வேரில் கொட்டினால் கொடி பட்டுப்போகும் என்ற எண்ணம் எழலாம். கொடி பட்டுப்போகலாம், ஆனால் அந்த மண்ணும் கெடும். உப்பு நீரில் கரைந்து பக்கத்துச் செடிகளின் வேருக்கும் செல்லும். ஏற்கெனவே உவர்ப்புச் சிக்கல் உள்ள கடலோர நிலத்தில் அதை மீட்பதற்கு நல்ல நீரும் நீண்ட காலமும் தேவைப்படும்.

களைக்கொல்லி: கொடி, தாங்கும் செடியோடு பின்னியிருப்பதால் கொடியின் மேல் தெளிப்பது செடியின் மேலும் படும். 2,4-டி போன்றவை காற்றில் பரவி முருங்கை, வெற்றிலை, மல்லிகை முதலியவற்றைப் பாதிக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. சில கொடிகள் மட்டுமே உள்ள வீட்டுத் தோட்டத்திற்குக் களைக்கொல்லி தேவையில்லை.

தீ வைத்தல்: மேற்பகுதி எரிந்தாலும் கிழங்கு தப்பிவிடும். வேலியும் மரமும் கருகுவதே மிச்சம்.

அயல்நாடுகளில் கோவை

இயல்பான இடத்தில் ஒரு தாவரம் எவ்வாறு நடந்துகொள்கிறது, அயலிடத்தில் எவ்வாறு மாறுகிறது என்பதற்குக் கோவை சிறந்த எடுத்துக்காட்டு. உணவுக்காகக் கொண்டு செல்லப்பட்ட இக்கொடி, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவாய், குவாம், சைப்பான் ஆகிய பசிபிக் தீவுகளில் கட்டுக்கடங்காமல் பரவியது. மரங்களையும் மின்கம்பங்களையும் மூடியது. ஹவாய் அரசு இதைத் தீங்குதரும் களைகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கு ஒரு நாளில் 10 செ.மீ. வரை இது வளர்வதாகக் கூறப்படுகிறது.

அத்தீவுகளில் கோவையை உண்டு வாழும் இயற்கை எதிரிகள் போதுமான அளவில் இல்லை. எனவே கென்யாவிலிருந்து பூச்சிகள் கொண்டுவரப்பட்டன. தண்டைத் துளைக்கும் மெலிட்டியா ஈடிபஸ் என்ற அந்துப்பூச்சி 1996 ஆம் ஆண்டிலும், அசைத்தோப்பியஸ் பேரினத்தைச் சேர்ந்த இருவகைக் கூன்வண்டுகள் 1999 ஆம் ஆண்டிலும் ஹவாயில் விடப்பட்டன. இவற்றுள் இலையைக் குடையும் கூன்வண்டு 2003 ஆம் ஆண்டு குவாம், சைப்பான் தீவுகளிலும் விடப்பட்டது.

தமிழ்நாட்டில் அத்தகைய முயற்சிக்குத் தேவை எழவில்லை. இங்கு வண்டு, புழு, ஈ, ஆடு, நீண்ட வறட்சி ஆகியவை கோவையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆகவே ஊரெங்கும் அதை ஒழிப்பது நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் வேண்டாத இடத்திலிருந்து அகற்றினால் போதும்.

விட்டுவைத்தலும் பயன்படுத்தலும்

வேலி ஓரத்தில் ஓரிரு கொடிகளை விட்டுவைத்தால் தேனீக்களுக்குத் தேனும் பறவைகளுக்குப் பழமும் கிடைக்கும். அவ்வாறு வைப்பதானால் மரங்களிலிருந்து தள்ளி, இடுப்பளவு உயரமுள்ள பந்தலில் ஏற்றி, ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்ய வேண்டும்.

சமையலுக்குக் காய் வேண்டுமெனில், காட்டுக்கோவையை நம்பாமல், கசப்பற்ற காய் தரும் பெண்கொடியின் தண்டுத் துண்டை நடுவதே முறை. விதையிலிருந்து வரும் செடி ஆணாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சுலபா என்ற வகை பரவலாகப் பயிரிடப்படுகிறது. கோவையின் இளந்தளிர் தாய்லாந்தில் அன்றாடக் கீரையாகும்.

வெள்ளரிக் குடும்பக் காய்களில் மிகுந்த கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற வேதிப்பொருளால் உண்டாகிறது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசக்கும் எந்தக் காயையும் துப்பிவிடுவதே பாதுகாப்பு.

நாட்டு மருத்துவத்தில் கோவை இலை நீரிழிவுக்குக் கொடுக்கப்படுகிறது. பெங்களூருவில் நடத்தப்பட்டு 2008 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 60 பேர் பங்கேற்றனர். நாள்தோறும் 1 கிராம் இலைச்சாரத்தை 90 நாட்கள் உட்கொண்டவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை அளவு சுமார் 16 விழுக்காடும், உணவுக்குப் பிந்தைய அளவு சுமார் 18 விழுக்காடும் குறைந்தன. இது அளவிட்டுத் தயாரித்த சாரத்தைக் கொண்டு செய்யப்பட்ட சிறிய ஆய்வு. வேலியில் பறித்த இலையின் அளவையும் வீரியத்தையும் அதனோடு ஒப்பிட இயலாது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் கோவை இலைச்சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழக்கூடும். மருத்துவரின் அறிவுரையின்றி இதைச் செய்யக் கூடாது. மருந்துக்காகப் பறிக்கும் முன், பறிப்பது கோவைதானா என்பதை மேற்சொன்ன ஐந்து அடையாளங்களையும் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.